வைரவருக்குப் பிடிக்காத மென்பொருள்

எங்கள் வீட்டுக்குள் எது வருவதானாலும் அப்பா முதலில் அதன் ஊரையும் உறவையும் விசாரிப்பார். மண்வெட்டியானாலும் சரி, மாப்பிள்ளையானாலும் சரி, ‘உது ஆற்றை? எவடம்?’ என்ற கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகுதான் மேற்கொண்டு பேச்சு. அப்படிப்பட்ட மனிதரிடம் போய், யார் செய்தது, எந்த நாட்டில் செய்தது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாத ஒரு மென்பொருளை, அதுவும் இலவசமாகக் கிடைக்கிற ஒன்றை, கணினிக்குள் ஏற்றச் சம்மதம் கேட்டால் என்ன நடக்கும்? ஒரு வெங்காயப் போகத்தின் பாதி அந்த விசாரணையிலேயே போனது.

அப்போது எனக்குப் பத்து வயது. உரும்பிராயில், செம்மண் தோட்டங்களுக்கு நடுவே எங்கள் வீடு. அந்த ஆண்டுதான் அக்காவுக்குக் கலியாணம் நடந்தது. அத்தான் கனடாவிலிருந்து லீவில் வந்து தாலி கட்டி, லீவு முடிந்ததும் திரும்பிப் போய்விட்டார். போகும்போது ஒரு கணினியை வாங்கி முன்னறையில் வைத்துவிட்டுப் போனார். அக்காவும் அவரும் முகம் பார்த்துக் கதைப்பதற்காக. அம்மா அதற்குப் பூப்போட்ட துணியில் ஓர் உறை தைத்துப் போட்டார். சாமிப் படங்களுக்குக் கீழே, பாதி சாமி மாதிரியே அது இருந்தது. இணையத்துக்கு ஒரு டொங்கிள். அதை நீண்ட வயரில் கொழுவி யன்னல் கம்பியில் கட்டிவிட்டால்தான் சிக்னல் பிடிக்கும். மழை வந்தால் அம்மா முதலில் உள்ளே எடுப்பது காயப்போட்ட மிளகாயை, இரண்டாவது டொங்கிளை.

அக்காவைக் கனடாவுக்கு எடுக்க அத்தான் ஒரு வக்கீல் மூலம் விண்ணப்பித்திருந்தார். வக்கீலோ, இது உண்மையான கலியாணம்தான் என்று காட்டக் கலியாணப் படங்கள் முழுவதும் வேண்டும் என்று சொல்லிவிட்டார். அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. “ஊரே வந்து சாப்பிட்டுட்டுப் போன கலியாணம். இது பொய்க் கலியாணமாமோ?” என்று கறிச்சட்டியைப் பார்த்துக் கேட்டார். படங்களை ஒரு சீடியில் போட்டுத் தபாலில் அனுப்பினோம். அது அங்கே உடைந்து இரண்டாகப் போய்ச் சேர்ந்தது. அதற்குள் தவணை நெருங்கிவிட்டது. அடுத்த மாதம் பிறப்பதற்குள் படங்கள் வக்கீலின் கையில் கிடைக்காவிட்டால் அக்காவின் கோப்பு வரிசையின் கடைசிக்குப் போய்விடும், பிறகு எத்தனை வருடம் என்று யாரும் சொல்ல முடியாது என்று அத்தான் சொன்னார். அதைச் சொல்லும்போது திரையில் அவருடைய முகம் உறைந்து, வாய் பாதி திறந்தபடி நின்றது. அக்கா அந்தப் பாதி வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மின்னஞ்சலில் ஒரு தடவைக்குக் கொஞ்சம்தான் போகும். எங்களிடம் இருந்ததோ கணக்கில்லாத படங்கள், ஒவ்வொன்றாக அனுப்பி முடியாது. அவற்றை ஒரு பொதியாகக் கட்டி, அமுக்கிச் சிறிதாக்கி அனுப்புவதற்கு ஒரு மென்பொருள் வேண்டும், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும், நல்லதாகப் பார்த்து ஒன்றை எடுங்கள் என்றார் அத்தான். ‘நல்லதாகப் பார்த்து’ என்றதுதான் பிழையாகிப்போனது. பார்ப்பது என்றால் எங்கள் வீட்டில் அப்பாதான் பார்க்க வேண்டும்.

முதலாவதைக் கொண்டுவந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. சாவகச்சேரிச் சந்தைக்குப் பக்கத்தில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருந்தார். எங்கள் சொந்தத்தில் கணினியின் உள்ளே கையை வைத்துத் தப்பியவர் அவர் ஒருவர்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மோட்டார்சைக்கிளில் வந்து இறங்கி, சட்டைப்பையிலிருந்து பென்டிரைவை எடுத்துக் கொழுவினார். உலகம் முழுவதும் பாவிப்பது இதைத்தான் என்றார். கொஞ்ச நாள் தவணை தரும், அதற்குப் பிறகு காசு கட்டச் சொல்லும் என்றும் வாய்தவறிச் சொல்லிவிட்டார்.

“தவணை முடிஞ்சால் என்ன செய்யும்?” என்று அப்பா கேட்டார்.

“ஒண்டும் செய்யாது. திறக்கிற நேரமெல்லாம் காசு கட்டுங்கோ எண்டு ஒருக்காக் கேக்கும். பேசாமல் அதை மூடிப்போட்டு எங்கடை வேலையைப் பாக்கவேண்டியதுதான்.”

“ஒருத்தன் படலையிலை நிண்டு கேட்டுக்கொண்டிருக்க, படலையைச் சாத்திப்போட்டு அவன்ரை சாமானைப் பாவிக்கிறதோ? வேண்டாம். அவனை அனுப்பிவிடு.”

மாமா அவனை அனுப்பிவிட்டார். அன்று முதல் அதற்கு எங்கள் வீட்டில் ‘தவணைக்காரன்’ என்று பெயர்.

இரண்டாவதை அக்காவும் நானும் இறக்கினோம். அந்தப் பக்கத்தில் பச்சை நிறப் பொத்தான்கள் பல இருந்தன. எல்லாம் ‘இறக்கு, இறக்கு’ என்றன. ஆகப் பெரியதாகப் பார்த்து நான் அமுக்கினேன். வந்ததைத் திறந்தால் அது கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டது. அக்கா எல்லாவற்றுக்கும் ஓம் போட்டாள். புருஷனிடம் போகும் வழியில் நிற்கிற கேள்விகளுக்கு வேறு என்ன பதில் சொல்வாள்?

அடுத்த நாள் கணினி எழும்ப எடுத்த நேரத்தில் அம்மா புட்டு அவித்து முடித்துவிட்டார். எழும்பிய பிறகும் அது எங்கள் கணினியாக இருக்கவில்லை. மூலைக்கு மூலை விளம்பரங்கள் ஆடின. உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறது என்று ஒரு சிவப்புப் பெட்டி வந்து வந்து சொன்னது. அக்காவின் கலியாணத்தையே நான் அழித்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்பா தோட்டத்துக்குப் போகாமல் கதிரையைப் போட்டு அதற்கு முன்னால் இருந்துவிட்டார்.

“ஒருத்தனைத்தானே கூப்பிட்டனீங்கள்? உவன் என்னத்துக்கு இனசனம் எல்லாத்தையும் கூட்டிக்கொண்டு வந்து நிக்கிறான்?” என்றார். கோபமாகக் கேட்கவில்லை. பயந்துபோய்த்தான் கேட்டார். உடனேயே, “படங்கள் இருக்கோ?” என்றார்.

படங்கள் இருந்தன. மாமா வந்து, தேத்தண்ணி மேல் தேத்தண்ணியாகக் குடித்து, வந்த இனசனத்தை எல்லாம் வெளியேற்றினார். ஆனால் அன்றிலிருந்து அப்பா தோட்டத்தால் வந்து கால் கழுவியதும் கேட்கிற முதல் கேள்வி ‘படங்கள் இருக்கோ’ என்பதாகிவிட்டது.

அப்பாவின் பயத்துக்கு ஒரு காரணம் இருந்தது. நான் பிறப்பதற்கு முன்பு, ஊரோடு இடம்பெயர்ந்து தென்மராட்சிப் பக்கம் போனபோது, வீட்டிலிருந்த படங்கள் எல்லாவற்றையும் ஒரு ட்ரங்குப்பெட்டியில் அடுக்கிப் பூட்டி, திறப்பை மடியில் செருகிக்கொண்டு போனாராம். திரும்பி வந்தபோது கூரையும் இல்லை, பெட்டியும் இல்லை. திறப்பு மட்டும் இருந்தது. தன்னுடைய தாய் தகப்பனின் முகத்தை எங்களுக்குக் காட்ட அவரிடம் ஒரு படமும் கிடையாது. இதை அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். படங்களை ஒன்றுக்குள் போட்டுப் பூட்டுவது என்ற பேச்சே அவருக்கு ஆகாது என்பதை நான் அந்த வயதிலேயே ஓரளவு விளங்கிக்கொண்டிருந்தேன். காரணம் முழுவதும் அவ்வளவுதான் என்று நினைத்ததுதான் என் பிழை.

மூன்றாவது மென்பொருள் பார்வைக்கு ஒன்றுமேயில்லை. சாம்பல் நிறத்தில் ஒரு யன்னல், நாலைந்து பொத்தான்கள். விளம்பரம் இல்லை. தவணை இல்லை. மாமா பலரிடம் விசாரித்துக் கொண்டுவந்திருந்தார். அப்பா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, சம்பந்தம் பேச வந்தவர்களைக் கேட்பதுபோல் ஆரம்பித்தார்.

“உதை ஆர் செய்தது?”

“ஆரோ கொஞ்சப் பேர் சேர்ந்து செய்து, உலகத்துக்குச் சும்மா விட்டிருக்கினம்.”

“சும்மா எண்டால்? பிறகு கேக்க மாட்டினமோ?”

“மாட்டினம்.”

“அப்ப என்னத்துக்குச் செய்தவை?”

குசினிக்குள்ளிருந்து அம்மாதான் சொன்னார். “தேருக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுறவை என்னத்துக்குப் போடுகினம்? வாறவன் போறவனிட்டைக் காசோ கேக்கினம்? அதைப்போலையாக்கும்.”

அப்பா ஆண்டுதோறும் பந்தலில் சர்பத் கரைக்கத் தேசிக்காய் கொடுக்கிறவர். அவரால் மறுத்துப் பேச முடியவில்லை. அக்கா கதவோரத்தில் நின்று சிரித்தாள். கலியாணத்துக்குப் பிறகு அவள் அப்படிப் பல்லுத் தெரியச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். மாமாவும் உற்சாகத்தில் மளமளவென்று வேலையைத் தொடங்கினார். ஒரு பெட்டி வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, “எவ்வளவு பெரிய துண்டாய் வெட்டுறது எண்டு கேக்குது” என்றார்.

“என்னத்தை வெட்டுறது?” என்றார் அப்பா.

அமுக்கினாலும் பொதி பெரியதுதான், அதைத் துண்டு துண்டாக வெட்டி ஒவ்வொரு துண்டையும் ஒவ்வொரு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும், அத்தான் அங்கே எல்லாவற்றையும் ஒட்டிக்கொள்வார் என்று மாமா விளங்கப்படுத்தினார். அப்பா கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

“கலியாணப் படத்தை வெட்டுறதோ? தாலி கட்டுற படத்திலை வெட்டு விழுந்தால்?”

எங்கள் வீட்டில் நல்ல காரியம் நடக்கும்போது வெட்டுவது, அறுப்பது என்ற சொற்களே வாயில் வரக்கூடாது. வாழைக்குலையைக்கூட அன்றைக்கு ‘எடுத்துக்கொண்டு வா’ என்றுதான் சொல்வார்கள். ஆகவே அப்பா சொன்னதைக் கேட்டு அம்மாவும் அடுப்பை விட்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

“படத்திலை வெட்டு விழாது. திரும்ப ஒட்டேக்கை அச்சொட்டாய் அப்பிடியே வரும்” என்றார் மாமா.

“சரி. வழியிலை ஒரு துண்டு துலைஞ்சால்?”

மாமா பொய் சொல்லத் தெரியாதவர். “ஒரு துண்டு இல்லாட்டில் மிச்சம் ஒண்டும் திறக்காது” என்றார்.

அப்பா கணினியைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். “வைரவரைக் கேப்பம்” என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்கு இறங்கிவிட்டார்.

எங்கள் தோட்டத்து எல்லையில், ஒரு பூவரச மரத்தின் கீழே வைரவர் இருந்தார். கோயில் என்று சொல்ல முடியாது. ஒரு சூலம், அதைச் சுற்றி ஒரு சின்ன மேடை, மழைக்கு ஒரு தகரம். ஐயரும் கிடையாது. வெள்ளிக்கிழமைகளில் அப்பாவே விளக்கு வைப்பார். கிணறு வெட்டுவதோ, மாடு விற்பதோ, சம்பந்தம் செய்வதோ, தீர்க்க முடியாத எதையும் அவரிடம் பூக்கட்டிக் கேட்பது வழக்கம். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று. இரண்டையும் தனித்தனியே பூவரசம் இலையில் பொதிந்து, வாழைநாரால் கட்டிச் சூலத்தடியில் வைக்க வேண்டும். ஒரு சின்னப் பிள்ளை கண்ணை மூடிக் கும்பிட்டு ஒரு பொட்டலத்தை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் ஓம். சிவப்பு வந்தால் வேண்டாம்.

சின்னப் பிள்ளை நான்தான். வெள்ளிக்கிழமை முழுகிப் பாவாடை கட்டிக்கொண்டு போனேன். அப்பா பொட்டலங்களை முன்னமே கட்டி வைத்திருந்தார். நான் கண்ணை மூடி, வைரவரே, இந்த மென்பொருள் நல்லதென்றால் வெள்ளையைத் தாரும் என்று கேட்டு, இடப்பக்கம் இருந்ததை எடுத்தேன். அப்பா பிரித்தார். சிவப்பு அலரி.

அக்கா கொடியில் காய்ந்துகொண்டிருந்த உடுப்புகளை எடுத்துத் திரும்பவும் தோய்த்தாள்.

“வாற வெள்ளி இன்னொருக்காக் கேட்டுப் பாப்பம்” என்றார் அப்பா. அந்தக் கிழமை எப்படிப் போனது என்று எனக்குத் தெரியும். அத்தான் தினமும் திரையில் வந்தார். அக்கா குரலைத் தாழ்த்திக் கதைத்தாள். தவணை முடிய எவ்வளவு நாள் இருக்கிறது என்பதை அவளுடைய சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தே சொல்லலாம். நாளுக்கு நாள் அதில் மிச்சம் கூடிக்கொண்டு வந்தது.

இரண்டாவது வெள்ளி நான் வலப்பக்கப் பொட்டலத்தை எடுத்தேன். அதுவும் சிவப்பு.

அன்றுதான் அக்கா முதல்முறையாக அப்பாவுக்கு முன்னால் குரலை உயர்த்தினாள். “வைரவருக்குக் கொம்பியூட்டரைப்பற்றி என்ன தெரியும்?” அம்மா உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்பா தலையைக் குனிந்தபடி நின்றார். அக்கா என் பக்கம் திரும்பி, “உன்ரை கையிலை என்னடி இருக்கு?” என்று கேட்டாள். கேட்டுவிட்டு அழுதாள். பிறகு என்னைக் கட்டிப்பிடித்து, பகிடிக்குச் சொன்னேன் என்றாள்.

பகிடி எனக்குள் போய்ப் பயமாக இருந்துவிட்டது. ஆம், என் கையில் ஏதோ இருக்கிறது. நான் போட்ட வெண்டி விதைகள் முளைக்கவில்லை. ஆகப் பெரிய பச்சைப் பொத்தானை அமுக்கியதும் இந்தக் கைதான். சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். மஞ்சள் தண்ணீரில் கழுவினேன். சாப்பிடும்போதுகூட அந்தக் கையைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. அக்கா கனடாவுக்குப் போகாமல், கிழவியாகி, அந்தக் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள், அதற்குக் காரணம் இந்தக் கை என்று ஊர் சொல்லும். இப்படியெல்லாம் ஓடியது யோசனை.

அடுத்த நாள் பின்னேரம், வைரவரிடம் தனியாக மன்னிப்புக் கேட்கப் போனேன். மேடையில், முதல் நாள் நான் எடுத்த சிவப்பு அலரி வாடிக் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் நான் எடுக்காமல் விட்ட மற்றப் பொட்டலம் நார் அவிழாமல் அப்படியே இருந்தது. அந்த வெள்ளைப் பூவையாவது ஒருதரம் பார்த்துவிட வேண்டும்போல் இருந்தது. நாரை உருவி இலையை விரித்தேன்.

அதற்குள்ளும் சிவப்பு.

பத்து வயது மூளைக்கு ஒரேயொரு விளக்கம்தான் எட்டியது. என் கைமேல் வைரவருக்கு வந்த கோபத்தில், வெள்ளைப் பூவையும் சிவப்பாக்கிவிட்டார். எந்தப் பொட்டலத்தை எடுத்தாலும் இனி எனக்கு வெள்ளை இல்லை.

வரம்பால் விழுந்தடித்து ஓடினேன். அப்பா வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். கிணற்றடியில் மெசின் சத்தம் போட்டபடி ஓடிக்கொண்டிருந்தது. அவர் மண்வெட்டியோடு நின்று ஒரு பாத்தி நிரம்பியதும் அதன் வாயை மண்ணால் அடைத்து அடுத்த பாத்திக்குத் தண்ணீரை மாற்றினார்.

“அப்பா, வைரவர் வெள்ளைப் பூவையும் சிவப்பாக்கிப் போட்டார்!”

அவருக்கு முதலில் விளங்கவில்லை. நான் விரித்த இலையை நீட்டினேன். அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பார்த்தபடியே நின்றார். பாத்தி நிரம்பியது. வரம்பை மீறித் தண்ணீர் வழிந்தது. வெங்காயம் மூழ்கியது. அப்பாவின் பாத்தி ஒன்று அப்படி வழிந்து நான் அதற்கு முன்பும் கண்டதில்லை, பின்பும் கண்டதில்லை.

“அக்காட்டைச் சொன்னனியோ?”

“இல்லை.” எனக்கு அழுகை வந்துவிட்டது. “என்ரை கை கூடாத கை அப்பா. அதுதான் அவருக்குக் கோபம். வேறை ஆரையும் கொண்டு எடுப்பியுங்கோ. அக்கா பாவம்.”

அப்பா மண்வெட்டியைப் போட்டார். வாய்க்காலில் கை கழுவி, சாரத்தில் துடைத்து, என் கையைப் பிடித்து விரித்துப் பார்த்தார். நான் பயந்துகொண்டு நின்றேன், அவருக்கும் ஏதாவது தெரிந்துவிடுமோ என்று.

“உந்தக் கைக்கு ஒண்டுமில்லை மோனை” என்றார். “வைரவருக்குக் கோபமுமில்லை. அப்பாதான் கண் தெரியாமல் பிழையாய்க் கட்டிப்போட்டன்.”

பிறகு போய் மெசினை நிற்பாட்டினார். தோட்டம் சட்டென்று அமைதியாகிவிட்டது. பாதியில் இறைப்பை நிற்பாட்டுகிற மனிதரல்ல அவர். “வா” என்று என்னைக் கூட்டிக்கொண்டு வைரவரிடம் நடந்தார். அன்று வெள்ளிக்கிழமை அல்ல. நான் முழுகவும் இல்லை. அதைச் சொன்னேன். “பறவாயில்லை, அவர் ஒண்டும் சொல்ல மாட்டார்” என்றார்.

என்னைச் சூலத்துக்கு முன்னால் கண்ணை மூடி நிற்கச் சொல்லிவிட்டு வேலியோரம் போய்ப் பூப் பறித்தார். எனக்கு முதுகைக் காட்டியபடி நின்று கட்டினார். கட்டுவதற்கு வெகு நேரம் எடுத்தது. கண் தெரியாதவர், இந்த முறை கவனமாகக் கட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு பொட்டலங்கள். ஒரே அளவு, ஒரே நார். என் கை இடத்துக்கும் வலத்துக்கும் போய்ப் போய் வந்தது. அப்பா அவசரப்படுத்தவில்லை. கடைசியில் இடப்பக்கம் இருந்ததை எடுத்தேன். நானே பிரித்தேன்.

நந்தியாவட்டை. பால் மாதிரி வெள்ளை.

“வெள்ளை! வெள்ளை!” என்று கத்திக்கொண்டு வீட்டை நோக்கி ஓடினேன். அக்கா செருப்புப் போடாமல் முற்றத்தைத் தாண்டி ஓடிவந்து என் கையைப் பிடித்து, அந்தக் கையைக் கொஞ்சினாள். அம்மா வைரவர் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டார். அப்பா மட்டும் உடனே வரவில்லை. வெகு நேரம் கழித்து மெசின் திரும்ப ஓடத் தொடங்கிய சத்தம் கேட்டது.

அடுத்த நாள் ஞாயிறு. மாமா காலையிலேயே வந்துவிட்டார். சாம்பல் நிற யன்னல் திறந்தது. பச்சைக் கோடு ஒன்று இடமிருந்து வலமாக நகர்ந்தது. அது ஓர் இடத்தில் நின்றால் நாங்கள் எல்லோரும் மூச்சை அடக்கினோம். கரண்ட் போய்விடக் கூடாதே என்று அம்மா சாமிப் படத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். கடைசியில் கலியாணம் துண்டுதுண்டாக, வரிசையாக, திரையில் வந்து நின்றது. மாமா அனுப்பப் போனார்.

“பொறு. திருப்பி ஒட்டிக் காட்டு” என்றார் அப்பா.

“அதெல்லாம் சரியாய்த்தான் இருக்கும்.”

“ஒட்டிக் காட்டு.”

மாமா துண்டுகளை ஒட்டி, பொதியை இன்னோர் இடத்தில் விரித்தார். அப்பா ஒவ்வொரு படமாகக் காட்டச் சொன்னார். பந்தல், தோரணம், பொம்பிளை வெளிக்கிடுவது, ஐயர், சபையில் இருந்த ஊர்ச்சனம், பந்தியில் வடை கேட்டுக் கை நீட்டிய நான். மாமா விசையைத் தட்டத் தட்டப் படங்கள் போய்க்கொண்டிருந்தன. அப்பா மென்பொருளைப் பரிசோதிக்கிறார் என்று நான் நம்பினேன். என் பங்குக்கு நானும் எங்காவது வெட்டுத் தெரிகிறதா என்று உற்றுப் பார்த்தேன். தாரை வார்க்கிற படம் வந்தது. அப்பாவின் கைக்குள் அக்காவின் கை. மேலே தண்ணீர்.

“இது கொஞ்சம் நிக்கட்டும்” என்றார்.

மாமா விசையிலிருந்து கையை எடுத்தார். எனக்கோ, தவணை போகிறதே, சிக்னல் போய்விடுமே என்று பதற்றம்.

“ஓம். ஒண்டும் குறையேல்லை” என்றார் அப்பா. “அனுப்பு.”

துண்டுகள் ஒவ்வொன்றாகப் போயின. ஒன்று போனதும், ‘போட்டுதோ?’ என்று கேட்டார். அத்தான் அங்கிருந்து கிடைத்தது என்று சொன்ன பிறகுதான் அடுத்ததற்கு விட்டார். கடைசித் துண்டு போய்ச் சேர்ந்து, எல்லாம் திறந்துவிட்டது என்று அத்தான் திரையில் சிரித்தபோது மத்தியானம் கடந்திருந்தது. யாரும் சாப்பிட்டிருக்கவில்லை.

வக்கீலின் தவணை தப்பவில்லை. அடுத்த ஆண்டு அக்காவுக்கு விசா வந்தது. கொழும்புக்கு வாடகை வான் பிடித்தோம். பெட்டிகள் ஏறிய பிறகு அப்பா வானில் ஏறாமல் படலையடியில் நின்றார். தோட்டத்தில் வேலை இருக்கிறது என்றார். அக்கா காலில் விழுந்து எழும்பினாள். அவளை வானில் ஏற்றிவிட்டு, அவர் என் கையைப் பிடித்து விரித்துப் பார்த்து, “ராசியான கை” என்றார். எனக்கு எவ்வளவு பெருமை! அந்தக் கையைத்தான் வானின் யன்னலுக்கு வெளியே போட்டு, ஊர் மறையும்வரை ஆட்டிக்கொண்டு போனேன்.

அதன் பிறகு எத்தனையோ பூக்களை எங்கள் சொந்தக்காரர்கள் என்னைக் கொண்டு எடுப்பித்தார்கள். அக்காவைக் கனடாவுக்கு அனுப்பிய கை என்று அதற்கு ஊரில் ஒரு பெயர். அப்பா மறுத்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. தோட்டத்தால் வந்து கால் கழுவியதும் ‘படங்கள் இருக்கோ’ என்று கேட்பதையும் விடவில்லை. இருக்கிறது என்று சொன்னால் போதாது, ஒருதரம் திறந்து காட்ட வேண்டும்.

அந்த மனிதருக்கு அன்று கண் நன்றாகத் தெரியும். ஒரு கன்று வெங்காயத்தில் ஒரு புழு இருந்தால் வரம்பில் நின்றே காண்பார். இது எனக்கு விளங்க எத்தனையோ வருடம் பிடித்தது. அவருக்குத் தவணைக்காரனோடும் பகையில்லை, இனசனத்தோடு வந்தவனோடும் பகையில்லை, வெட்டுவதோடும்கூட இல்லை. அந்தப் பொதி போனால் பின்னாலே பிள்ளையும் போய்விடும் என்பது ஒன்றுதான். அதை ‘போகாதை’ என்று அவர் வாயால் சொல்ல முடியாது. கட்டிக்கொடுத்த பிள்ளையிடம் எந்தத் தகப்பன் அப்படிச் சொல்வான்? அதனால் வைரவரைச் சொல்ல வைத்தார். வைரவரும் பாவம், இரண்டு வெள்ளி அந்தப் பழியைச் சுமந்தார். வைரவருக்குப் பிறகு சுமக்க வந்தவள் நான். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

சிவப்பு வந்த அன்று மற்றப் பொட்டலத்தையும் பிரித்துப் பார்த்தேன் அல்லவா? வெள்ளை வந்த அன்று எனக்கு அது தோன்றவேயில்லை. மற்றப் பொட்டலத்தை அங்கேயே, அப்பாவோடு விட்டுவிட்டு ஓடிவந்துவிட்டேன். அதற்குள்ளும் வெள்ளைதான் இருந்திருக்கும்.